ஒன்பதாவது கேள்வி

சன்மதி: அந்தப் பையில என்ன சார்?

சக்திவேல்: கேரட் மேடம். ஒரு கிலோ. முயலுக்குனு வாங்கினேன்.

சன்மதி: முயலுக்குக் கேரட்னு யார் சொன்னது?

சக்திவேல்: பசங்க புக்குல படம் போட்டிருக்காங்களே. மூணு வேளையும் கேரட் போட்டா போதும்ல?

செல்வி: என்னங்க...

சக்திவேல்: தெரியாததக் கேக்கறேன் செல்வி. தெரிஞ்ச மாதிரி நடிக்கச் சொல்றியா?

சன்மதி: கேக்கறது நல்லதுதான். அது இனிப்பு சார். எப்பவாவது விரல் நுனி அளவு குடுக்கலாம். தெனமும் போட்டா செரிக்காம வயிறு நின்னுடும். வயிறு நின்ன முயல் ஒரு நாள்தான் தாங்கும். அந்தப் பைய வாசல்லயே வெச்சுடுங்க. எங்க வீட்டுக்குள்ள மண்ணுக்கு அடியில விளையறது எதுவும் வராது.

செல்வி: நீங்க நயினார் வீடா அக்கா?

சன்மதி: ஆமா, சமணர்தான். சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். இங்க செங்கம் ரோட்டுல மெடிக்கல் ஷாப்புக்கு வேலைக்கு வந்து பதினாறு வருஷம் ஆச்சு.

சக்திவேல்: அப்ப முள்ளங்கி எலைக்கு இன்னா பண்றீங்க?

சன்மதி: முள்ளங்கி இலையா?

சக்திவேல்: இல்ல... கீரை வகைனா முயல் திங்கும்ல. அதான் கேட்டேன்.

சன்மதி: கடைக்காரர்கிட்ட முள்ளங்கிய விட்டுட்டு இலைய மட்டும் வாங்கிட்டு வருவேன். பைத்தியம்னு நினைச்சுட்டிருப்பார். கேரட் தெரியாத ஆளுக்கு முள்ளங்கி இலை தெரிஞ்சிருக்கே.

செல்வி: இவரு அப்படித்தான் அக்கா. தெரிய வேண்டியது தெரியாது.

சன்மதி: உக்காருங்க. தரையிலதான். நாற்காலில உக்காந்தா அது கிட்ட வராது. வெளிச்சம் இருக்கும்போதே முடிச்சுடலாம், இருட்டறதுக்குள்ள நான் சாப்பிடணும். போன்லயே சொன்னேன், என்கிட்ட ஒம்பது கேள்வி இருக்கு. எட்ட நான் கேட்டு எழுதிக்குவேன். ஒம்பதாவது உங்க கையால நீங்களே எழுதணும்.

சக்திவேல்: பொண்ணு பாக்கப் போனப்பக் கூட இவ்ளோ கேக்கலையே இவங்க வீட்ல.

செல்வி: கேட்டிருக்கணும்.

சன்மதி: வீடு எங்க?

செல்வி: அவலூர்ப்பேட்டை ரோட்டுல அக்கா. மாடி. வாடகை வீடு.

சக்திவேல்: வீட்டுக்காரரு ஒத்துக்க மாட்டாரு மேடம். அதச் சொல்லிடணும்ல.

செல்வி: போன வாரமே கேட்டாச்சு. எழுதியே வாங்கிட்டு வந்திருக்கேன். இந்தாங்க அக்கா.

சக்திவேல்: எழுதி வாங்கினியா? எப்போ?

செல்வி: நீங்க தூங்கறப்போ.

சன்மதி: வீட்ல யார் யாரு?

செல்வி: நாங்க ரெண்டு பேருதான். கல்யாணமாகி நாலு வருஷம். நான் நர்சரி ஸ்கூல்ல டீச்சர். மூணு மணிக்கு வந்துடுவேன்.

சக்திவேல்: காலைல எட்டுலருந்து மூணு வரைக்கும் ஆளே இல்ல மேடம். எழுதிக்கோங்க. ஆளில்லாத வீடு.

சன்மதி: பகல்ல முயல் தூங்கும் சார். காலைலயும் சாயங்காலமும்தான் அதுக்கு ஆள் வேணும். நீங்க என்ன வேலை?

சக்திவேல்: ஏசி மெக்கானிக். இங்க ஆசிரமத்துப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் எல்லாம் நான்தான் பாக்கறேன். அது இன்னொரு பிரச்சன. வீடு பூரா வயரு. வயரு, காயிலு, டூல்ஸு. ஒரு கடி கடிச்சா அவ்ளோதான்.

செல்வி: எல்லா வயருக்கும் பைப் போட்டாச்சு அக்கா. சுவத்தோட ஓரமா, ஒரு அடி உயரத்துக்கு. ஒரு வருஷம் ஆகப் போவுது. போட்டது இவருதான்.

சன்மதி: முயல் இல்லாத வீட்ல எதுக்குப் பைப்பு?

சக்திவேல்: எலி.

சன்மதி: எலியா?

சக்திவேல்: எலித் தொல்ல ஜாஸ்தி மேடம்.

செல்வி: ஆமா. ஒரே ஒரு எலி.

சன்மதி: ம்... சரி. அடுத்தது வெயில். பங்குனி பொறந்தாலே நம்ம ஊரு கொதிக்கும். பாறைச் சூடு ராத்திரிக்கும் எறங்காது. முயலுக்கு வேர்க்காது, தெரியுமா? போன வருஷம் ஒரு வீட்ல குடுத்தேன். மொட்டை மாடில கூண்டு வெச்சிருக்காங்க. மத்தியானம் ஒரு மணிக்குப் போன் பண்றாங்க, ஆடாம இருக்குனு. நீங்க என்ன பண்ணுவீங்க?

சக்திவேல்: ஏசி மெக்கானிக் வீட்ல ஏசி இருக்காது மேடம். அதயும் எழுதிக்கோங்க.

சன்மதி: எழுதிட்டேன். அப்ப மத்தியானத்துக்கு?

சக்திவேல்: மத்தியானத்துக்கு... பாட்டில்ல தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சு, ஈரத் துணில சுத்தி மூலைல போட்டுட்டா அதுல சாஞ்சிகினு படுத்துக்கும். காதுதான் அதுக்கு ரேடியேட்டர். சூடெல்லாம் அது வழியாத்தான் வெளிய போகும். காத மட்டும் லேசா நனைச்சு உடணும். ஒடம்புல தண்ணி ஊத்தக் கூடாது, பயத்துலயே...

சன்மதி: சொல்லுங்க.

சக்திவேல்: ...பயந்துக்கும்னு யாரோ சொன்னாங்க.

சன்மதி: யாரோ நல்லாத்தான் சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு முயல் குடுக்கலாம்.

செல்வி: இன்னும் கேளுங்க அக்கா. இவருகிட்டயே கேளுங்க.

சக்திவேல்: ஏம்மே, முயல் கேட்டது நீயா நானா? உங்கூட வேல பாக்கற நந்தினி ஸ்டேட்டஸ்ல போட்டோ பாத்துட்டு ரெண்டு வாரமா நீதான் நச்சரிச்ச.

சன்மதி: போட்டோ நீங்களும் பாத்தீங்களா சார்?

சக்திவேல்: காட்டினா. எல்லா முயலும் ஒரே மாதிரிதான இருக்கு.

சன்மதி: இது அப்படி இல்ல. சாம்பல் நிறம். வலது முன்னங்கால் மட்டும் வெள்ளை, சாக்ஸ் போட்ட மாதிரி. இந்த ஜில்லாவுல இன்னொண்ணு நான் பாத்ததில்ல. ...இருங்க, கதவத் தொறந்து விடறேன். யாரும் கை நீட்டாதீங்க. கூப்பிடாதீங்க. அதுவா வரட்டும்.

செல்வி: காது...

சன்மதி: இடது காது பாதிதான் இருக்கு. போட்டோல அந்தப் பக்கம் தெரியாது. அதச் சொல்லத்தான் நேர்ல வரச் சொன்னேன். சில பேர் பாத்துட்டுப் போயிடறாங்க.

சக்திவேல்: எப்படி மேடம் ஆச்சு?

சன்மதி: சொல்றேன். முதல்ல அது வரட்டும். புது ஆளுங்ககிட்ட வர அரை மணி நேரமாவது ஆகும். சிலதுக்கு மூணு நாள்... அட.

செல்வி: வருது.

சன்மதி: ஓடியில்ல வருது. சார், அசையாதீங்க.

சக்திவேல்: நான் எங்க அசைஞ்சேன்.

சன்மதி: உங்களத்தான் மோந்து பாக்குது. கால... ஒரு சுத்து. இன்னொரு சுத்து. அஞ்சு மாசமா இங்க இருக்கு, என்னை ஒரு தடவ கூட இப்படிச் சுத்தினதில்ல.

செல்வி: கிரிவலம் வருது அக்கா.

சக்திவேல்: கேரட் வாசன மேடம். கையில இருக்கும்.

சன்மதி: கேரட் பை வாசல்ல இருக்கு. அது உங்க காலச் சுத்துது.

செல்வி: பக்கத்துல நானும் உக்காந்திருக்கேன். என்னைச் சுத்தலையே.

சக்திவேல்: அதுக்கு நான் இன்னா பண்றது.

சன்மதி: முயல் ஒருத்தரச் சுத்தினா ரொம்பப் பிடிச்சிருக்குனு அர்த்தம். சார், கண்ணுல என்ன?

சக்திவேல்: முடி. முயல் முடி. எனக்கு ஒத்துக்காது. அதயும் எழுதிக்கோங்க மேடம். முடி ஒத்துக்காத ஆளு வீட்ல எப்படிக் குடுப்பீங்க? குடுக்காதீங்க.

செல்வி: ஒரு தும்மல் கூட வரலையே.

சக்திவேல்: உள்ளுக்குள்ள வருது.

சன்மதி: பதினோரு முயலுக்கு வீடு பாத்துக் குடுத்திருக்கேன். வர்றவங்க எல்லாம் குடுங்க குடுங்கனுதான் பொய் சொல்லுவாங்க. வேணாம்னு பொய் சொல்ற ஆள இன்னைக்குத்தான் பாக்கறேன்.

செல்வி: அக்கா, இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?

சன்மதி: ஐப்பசிப் பௌர்ணமி முடிஞ்ச மறுநாள். அடி அண்ணாமலைக்குப் பின்னால, காட்டு ஓரம். அங்க பூ கட்டற எழிலரசினு ஒரு பொண்ணு, எங்க கடைக்கு மாத்திரை வாங்க வரும். அதுதான் கூடையில போட்டுத் தூக்கிட்டு வந்துச்சு. கழுத்துல மஞ்சள் துணி கட்டியிருந்துச்சு. அதனாலதான் இதுக்கு மஞ்சள்னு பேரு வெச்சேன்.

சக்திவேல்: துணியா.

சன்மதி: மஞ்சள்ல நனைச்ச துணி. ஒரு ஓரத்துல மஞ்சக் கொம்பு முடிஞ்சிருந்துச்சு. மலைக்கு நேந்து விட்டிருக்காங்க. ஆடு, கோழி, காளை விடற மாதிரி. காட்டுல முயல் இருக்கே, அதுங்களோட சேந்துக்கும்னு நினைச்சிருப்பாங்க. வீட்ல பொறந்து வளந்த முயலுக்குக் குழி தோண்டத் தெரியாது, நாயப் பாத்தா எந்தப் பக்கம் ஓடணும்னு தெரியாது. நம்ம வீட்டுச் சின்னக் குழந்தையக் கொண்டு போய்க் காட்டுல விட்டுட்டு, பொழைச்சுக்கும்னு வர்றதுதான்.

செல்வி: அந்தக் காது...

சன்மதி: துணி முள்ளுல மாட்டிக்கிச்சு. ஓட முடியல. அதான் நாய்க்குக் காது கிடைச்சுது. எழிலரசி கல்லால அடிச்சுத் தொரத்தியிருக்கா. பத்து நாள் சாப்பிடல. புல்ல அரைச்சு ஊசி இல்லாத சிரிஞ்சால ஊட்டினேன், மூணு மணிக்கு ஒரு தரம். ரெண்டு தடவ கை விட்டுப் போயிடுச்சுனே நினைச்சேன்.

சக்திவேல்: முள்ளுல... துணி முள்ளுல மாட்டிகிச்சா.

சன்மதி: தண்ணி குடிக்கறீங்களா சார்?

சக்திவேல்: வேணாம்.

சன்மதி: ஒண்ணு மட்டும் எனக்கு இன்னைக்கும் புரியல. விட்டவங்க வேணாம்னு தூக்கிப் போட்டவங்க இல்ல. முடிச்ச அவ்வளவு அழகாப் போட்டிருந்தாங்க. கழுத்த அழுத்தாம ரெண்டு விரல் நுழையற அளவு எடம் விட்டு, ஆடினா இறுகாத முடிச்சு. நகம் வெட்டியிருந்துச்சு. நகம் வெட்டத் தெரிஞ்சவங்க எதுக்கு விட்டாங்கனுதான் யோசிச்சிட்டிருப்பேன்.

செல்வி: அந்தத் துணி இருக்கா அக்கா?

சன்மதி: இருக்கு. தொவைச்சு வெச்சிருக்கேன்.

செல்வி: பாக்கலாமா?

சக்திவேல்: அது எதுக்கு செல்வி இப்போ.

சன்மதி: ஏழாவது கேள்வியும் எட்டாவதும் கேட்டுட்டு எடுத்துட்டு வரேன். தீபாவளிக்கும் கார்த்திக தீபத்துக்கும் வெடி போடுவாங்க. என்ன பண்ணுவீங்க?

செல்வி: உள் ரூம்ல ஜன்னல அடைச்சு, மெத்தைய நிமித்தி வெச்சு, நான் கூடவே உக்காந்துப்பேன். இங்க ஊர விட்டு யாரும் நகர மாட்டாங்க. நாங்களும் நகர மாட்டோம்.

சன்மதி: எட்டு, இது பத்து வருஷம் வரைக்கும் இருக்கும். நாளைக்குக் குழந்தை பொறக்கும், வீடு மாத்துவீங்க, சண்டை வரும். அப்போ?

செல்வி: சண்டை இப்பவே இருக்கு அக்கா. முயல் இருந்தா கம்மியாகும்.

சக்திவேல்: எங்களுக்குள்ள இன்னா சண்டை?

செல்வி: பேசாம இருக்கறதும் சண்டைதான்.

சன்மதி: நான் உள்ள போய்த் துணிய எடுத்துட்டு, இதுக்குக் கொத்தமல்லி அலசிட்டு வரேன். அது மடியில ஏறினா எந்திரிச்சுடாதீங்க சார்.

*

சக்திவேல்: வா போலாம்.

செல்வி: மடியில ஏறிடுச்சு. எந்திரிக்கக் கூடாதுனு சொல்லிட்டுப் போயிருக்காங்க.

சக்திவேல்: செல்வி, வேற முயல் வாங்கித் தரேன். வேலூர்ல இருக்கு, வெள்ள வெளேர்னு. இது வேணாம்.

செல்வி: ஏன்?

சக்திவேல்: காது இல்ல.

செல்வி: அதுக்காகவா வேணாம்?

சக்திவேல்: ...இல்ல.

செல்வி: அப்பளம்னு கூப்பிடுங்க.

சக்திவேல்: இன்னாது?

செல்வி: அப்பளம். புல்லக் கடிச்சா அப்பளம் நொறுங்கற சத்தம் வருதுனு நான்தான வெச்சேன் அந்தப் பேரு. கூப்பிட்டுப் பாருங்க, அந்த ஒத்தக் காது எந்தப் பக்கம் திரும்புதுனு.

சக்திவேல்: உனக்குத் தெரியுமா இது...

செல்வி: போட்டோ பாத்த அன்னைக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும். காட்டினப்போ உங்க கையில சாதம் அப்படியே நின்னுச்சு.

சக்திவேல்: அப்ப ஏன் கேக்கல?

செல்வி: எதக் கேக்கணும்? கதவு தொறந்திருந்துச்சு, ஓடிப் போயிடுச்சுனு நீங்க சொன்னதையா? டெங்கு வந்து நான் ஆஸ்பத்திரில இருந்துட்டு வந்தன்னைக்கே என் மஞ்சத் தாவணில ஒரு முழம் இல்ல. பீரோவுல மடிச்சு வெச்சிருந்த தாவணி. முயல் ஓடிப் போனா தாவணியக் கிழிச்சு எடுத்துட்டா போகும்?

சக்திவேல்: அஞ்சு மாசமா தெரிஞ்சிகினு...

செல்வி: ஆமா. ரெண்டு விரல் எடம் விட்டு, ஆடினா இறுகாத முடிச்சு. ஏசிக்கு வயர் கட்டறப்போ நீங்க போடற முடிச்சு அது.

சக்திவேல்: கேட்டிருக்கலாம்ல செல்வி.

செல்வி: கேட்டா என்ன சொல்லுவீங்கனு பயம். எனக்குப் பிடிக்கல, அதான் விட்டேன்னு சொல்லிட்டா? தெனமும் அதத்தான சொல்லுவீங்க. உன் எலி செருப்பக் கடிச்சிடுச்சு, உன் எலி பேப்பரக் கிழிச்சிடுச்சு. நான் சாகக் கெடக்கறப்போ, இதுதான் சமயம்னு கொண்டு போய் விட்டுட்டீங்கனு நினைச்சேன். அப்படி நினைச்சுட்டே உங்களுக்குத் தோசை ஊத்திட்டிருந்தேன்.

சக்திவேல்: பிடிக்காமயா?

செல்வி: வேற என்ன?

சக்திவேல்: காலைல அஞ்சு மணிக்குப் பால் வாங்கப் போறேன்ல. வர்றப்போ ஏரிக்கரையில அறுகம்புல் பறிச்சிகினு வருவேன். கவர் சத்தம் கேட்டதும் வந்துடும். இப்ப சுத்திச்சே, அப்படித்தான் தெனமும் சுத்தும். ஏழு சுத்து, எட்டு சுத்து. நீ எந்திரிக்க ஆறே கால் ஆகும். அதுவரைக்கும் அது என்கிட்டதான் இருக்கும். இப்ப மடியில இருக்கே, இப்படியே. நீ எந்திரிக்கற சத்தம் கேட்டா எறக்கி உட்டுட்டு எலினு திட்டுவேன்.

செல்வி: ஏன் திட்டணும்?

சக்திவேல்: ஆம்பள ஆளு, முயலக் கொஞ்சிகினு உக்காந்திருக்கேன்னு சிரிப்ப.

செல்வி: சிரிச்சிருப்பேன்தான்.

சக்திவேல்: ஆஸ்பத்திரில சேத்த நாலாம் நாள் ராத்திரி உனக்கு பிளேட்லெட் பதினெட்டாயிரத்துக்கு வந்துடுச்சு. வேலூருக்குக் கொண்டு போக ரெடியா இருங்கனு டாக்டரு சொல்லிட்டாரு. வராண்டாவுல நின்னிகினு இருந்தேன். ஜன்னல் வழியா மல தெரிஞ்சுது. பௌர்ணமி, கூட்டம் போய்க்கினே இருக்கு. எனக்குப் பிடிச்சது ஒண்ண உட்டுடறேன், இவள உட்டுடுனு வேண்டிகினேன். பிடிக்காதத உட்டா அது வேண்டுதலா? யோசிச்சுப் பாத்தேன். உன்னத் தவுர எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணும் இல்ல. அது ஒண்ணுதான்.

செல்வி: அத எப்போ கொண்டு போனீங்க?

சக்திவேல்: விடியக் காலைல கொண்டு போனேன். நகம் வெட்டி உட்டேன், கல்லுல ஓடறப்போ மாட்டிக்கக் கூடாதுனு. துணி கட்டினா யாரும் புடிச்சுத் திங்க மாட்டாங்க, சாமிதுனு உட்டுடுவாங்கனு நினைச்சேன். கீழ உட்டப்போ காலச் சுத்துச்சு. திரும்பிப் பாக்காம வந்துட்டேன். முள்ளுல மாட்டும்னு... அது தோணவே இல்ல செல்வி.

செல்வி: கண்ணத் தொடைங்க.

சக்திவேல்: அன்னைக்கு மத்தியானம் உனக்கு இருபத்தாறாயிரம் ஏறிச்சு.

செல்வி: டெங்குல காய்ச்சல் வந்த ஏழாம் நாளுக்கு மேல தானா ஏறும்னு டாக்டர் சொன்னாருல்ல.

சக்திவேல்: ஏறினப்புறம் சொன்னாரு. மொத நாள் ராத்திரி சொல்லலையே.

செல்வி: அதுக்குத்தான் வேணாம் வேணாம்னு இவ்ளோ பொய்யா? கேரட்டும் அதுக்குத்தானா?

சக்திவேல்: உட்டதத் திருப்பி எடுத்தா? குடுத்ததத் திருப்பி வாங்கினா, சாமியும் குடுத்ததத் திருப்பி வாங்கிக்கினா? எனக்கு இது எங்கயோ உயிரோட இருக்குனு தெரிஞ்சதே போதும். நீ இரு. அதுதான் முக்கியம்.

செல்வி: இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அஞ்சு மாசம் உங்களக் கெட்டவனா நினைச்சிருக்க மாட்டேன்ல.

சக்திவேல்: தெனமும் ரெண்டு தோச ஜாஸ்தியா ஊத்தின. அதுக்குப் பின்னால கோவம் இருக்குனு எனக்கு எப்படித் தெரியும்.

*

சன்மதி: கொத்தமல்லி. சார், நீங்களே குடுங்க.

செல்வி: அக்கா... கேட்டுச்சா?

சன்மதி: சமையக்கட்டுக்கும் இதுக்கும் நடுவுல இருக்கறது ஒரு ஜன்னல்தான் செல்வி. அதுவும் சாத்தாது. போன்ல முதல் தடவ முயல் வளக்கறோம்னு சொன்னீங்களே.

செல்வி: வளத்தோம், ஓடிப் போச்சுனு சொன்னா குடுப்பீங்களா? அது மட்டும் இல்ல. இவரு வாயாலயே வரணும்னு நினைச்சேன். வீட்ல வரல. இத நேர்ல பாத்தா வரும்னு தெரியும்.

சன்மதி: இது உங்க தாவணிதானா?

செல்வி: ஆமா. இந்த ஓரத்துத் தையல் நான் போட்டது.

சக்திவேல்: மேடம், நாங்க கெளம்பறோம். நீங்க சொன்னதுதான் சரி. கொழந்தையக் காட்டுல உட்டவன் நான். வேற நல்ல வீடாப் பாத்துக் குடுங்க. முடிஞ்சா அது எங்க இருக்குனு மட்டும் சொல்லுங்க. வெயில் காலத்துல வந்து அவங்க வீட்டு ஏசியச் சும்மா சர்வீஸ் பண்ணிக் குடுத்துடறேன்.

செல்வி: உங்க வேண்டுதலுக்கு நான் ஒண்ணு சொல்லவா?

சக்திவேல்: சொல்லு.

செல்வி: பிடிச்சது ஒண்ணத்தான விடறேன்னீங்க. இதுதான்னு பேரு சொல்லி வேண்டினீங்களா?

சக்திவேல்: ...இல்ல. பிடிச்சது ஒண்ணுனுதான்.

செல்வி: அப்ப வேற பிடிச்சத விடுங்க.

சக்திவேல்: மாத்திக் குடுத்தா ஒத்துக்குமா?

செல்வி: அஞ்சு மாசம் இது இல்லாமயும் இருந்துட்டீங்க. அதுவும் சேத்திதான். மேல ஒண்ணு விடுங்க.

சக்திவேல்: டீ?

செல்வி: அது பழக்கம். பிடிச்சது இல்ல.

சக்திவேல்: ...ஞாயித்துக்கெழம மட்டன்.

செல்வி: நெஜமாவா?

சக்திவேல்: ஆயுசுக்கும்.

சன்மதி: மட்டன விடச் சொல்லி நான் கேக்கல. அதையும் எழுதிக்கறேன்.

செல்வி: அக்கா, சிரிக்கறீங்க. அப்ப குடுப்பீங்களா?

சன்மதி: உங்க வேண்டுதலப் பத்திச் சொல்ல எனக்குத் தெரியாது. அது உங்களுக்கும் மலைக்கும். எனக்குத் தெரிஞ்சது இந்த ஒம்பது கேள்விதான். கடைசி ஒண்ணு பாக்கி இருக்கு. சார், இந்தாங்க பேனா. படிங்க.

சக்திவேல்: 'இதற்கு முன் நீங்கள் வளர்த்த அல்லது வாங்கிய எந்த உயிரையாவது வெளியே விட்டிருக்கிறீர்களா?'

சன்மதி: ஆமா, இல்ல. ரெண்டுல ஒண்ணு. கீழ காரணம் எழுத எடம் இருக்கு.

சக்திவேல்: ஆமானு எழுதினவங்களுக்குக் குடுத்திருக்கீங்களா?

சன்மதி: வாங்க வந்தவங்க யாரும் இதுவரைக்கும் அப்படி எழுதினதில்ல. பதினோரு பேரும் இல்லனுதான்.

செல்வி: அக்கா, நானும் ஒண்ணு கேக்கலாமா? பதினோரு முயலுக்கு வீடு பாத்தீங்க. உங்களுக்கு முதல் முயல் எப்படி வந்துச்சு?

சன்மதி: அது என் கூட ஒரு நாள் கூட இல்ல.

செல்வி: செத்துப் போச்சா?

சன்மதி: எழுதுங்க சார். வெளிச்சம் போயிட்டிருக்கு.

சக்திவேல்: எழுதறேன் மேடம். ஆமா. காரணம்... பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்ல, பயத்துல உட்டேன். போதுமா?

சன்மதி: போதும். கையெழுத்து.

சக்திவேல்: போட்டுட்டேன். இதப் படிச்சுட்டு நீங்க வேணாம்னு சொன்னா கோச்சிக்க மாட்டோம். சொல்லிடுங்க.

சன்மதி: அந்த அலமாரில நீல ஃபைல் இருக்கு. எடுங்க. முதல் தாள்.

சக்திவேல்: பழைய தாளு. பழுப்பேறிப் போயிருக்கு.

சன்மதி: ஒம்பதாவது கேள்விக்கு என்ன எழுதியிருக்கு?

சக்திவேல்: 'ஆமா'னு.

செல்வி: யாரும் எழுதினதில்லனு சொன்னீங்களே அக்கா.

சன்மதி: காரணத்தையும் படிங்க.

சக்திவேல்: 'மகாவீர் ஜெயந்தி அன்று சந்தைக் கூண்டிலிருந்து ஒரு வெள்ளை முயலை வாங்கி, எங்கள் ஊர் வயலில் விட்டேன். ஒரு உயிருக்கு விடுதலை கொடுத்தால் புண்ணியம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் அங்கே போய்ப் பார்த்தேன்.' ...அதோட நிக்குது. மேல ஒண்ணும் எழுதல.

செல்வி: கையெழுத்து யாரோடதுங்க?

சக்திவேல்: சன்மதினு இருக்கு.

சன்மதி: உங்க தாள அதுக்கு அடுத்ததா வெச்சுடுங்க சார். வெக்கறதுக்கு முன்னால, மேல முயலோட பேருனு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதுல நான் போட்ட மஞ்சள அடிச்சுட்டு, அப்பளம்னு எழுதுங்க.